கட்டுப்படியான விலையில் ஒரு ஸ்கோப்

என் முகத்தைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்குகிறவர்கள் ரங்கூனில் நிறையப் பேர் உண்டு. அவர்களில் பாதிப் பேருக்கு நான் ஏதோ ஒரு காலத்தில் குடை விற்றிருப்பேன். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நிலோஃபர் கடைக்குள் வந்து, நாலடி தள்ளி நின்று என்னை அப்படிப் பார்த்தபோது, என் குடை ஒன்று எங்கோ நடுமழையில் மடங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தேன்.

"ஃபக்ரு லாத்தா இருக்காங்களா?" என்றாள்.

லாத்தா எனக்கு மூன்றடி பக்கத்தில்தான் உட்கார்ந்து, ஒரு சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

கடை லாத்தாவுடையது. எங்கள் பக்கம் அக்காவை லாத்தா என்போம், அண்ணனை நானா என்போம். க்யிம்யிண்டைங் படகுத்துறையிலிருந்து இரண்டாவது தெரு, மூக்குக்கண்ணாடிக் கடை. ஃபக்ருன்னிசா என்பது முழுப்பெயர். வயது ஐம்பத்திரண்டு. புருஷன் இறந்தபோது அவருக்கு விட்டுப்போனது ஒரு வில்லைப் பெட்டியும், யார் என்ன சொன்னாலும் நம்பாத பழக்கமும். இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் இந்தப் பேட்டையில் காணாமல்போன சங்கிலி, காணாமல்போன மாப்பிள்ளை, காணாமல்போன உண்மை எல்லாவற்றையும் தேடிக் கொடுத்துவந்தார். நான் பீர் முகைதீன். வயது நாற்பத்தேழு. மூன்று தொழிலில் தோற்றுவிட்டு நாலாவதாக லாத்தாவுக்குக் கூடமாட இருக்கிறேன். இதில் தோற்க இன்னும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

நிலோஃபர் ஒரு கூடைக் கொய்யாவை இறக்கிவைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். மாவ்பிக்கு அப்பால் ரெங்கசாமி என்பவரின் பழத்தோட்டம். அவள் புருஷன் அஸ்கர் அங்கே காவல்காரன், அவள் சமையல்காரி. அன்னாசியைத் தின்ன வரும் காட்டுப்பன்றிகளுக்காக ரெங்கசாமியிடம் லைசென்ஸ் உள்ள பழைய ரைஃபிள் ஒன்று உண்டு. ஆறு வாரத்துக்கு முன் அதற்கு ஒரு ஸ்கோப், அதாவது தூரத்துக் குறியைப் பெரிதாகக் காட்டும் குழல், வாங்கி மாட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து, அதே ஸ்கோப்பால், அதே ரைஃபிளால், யாரோ அவர் நெஞ்சிலேயே சுட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை அஸ்கர் 'நான்தான் சுட்டேன்' என்று போலீஸ் சாவடியில் ஒப்புக்கொண்டுவிட்டான். நாளைக் காலையில் ரங்கூன் ஜெயிலுக்கு ஏற்றிவிடுவார்கள். கொலையை ஒப்புக்கொண்டு அந்த வண்டியில் ஏறியவன் திரும்பி வந்து கதை சொன்னதாக நான் கேட்டதில்லை.

"அவங்க சுடல லாத்தா" என்றாள்.

"ஒத்துக்கிட்டாராமே."

"ஒத்துக்கிட்டாங்க. ஆனா சுடல."

"ஒனக்கு எப்படிப் புள்ள தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

எல்லாப் பெண்சாதிகளும் சொல்வதுதான். என் பெண்சாதி மட்டும் என்னைப் பற்றி அப்படி எங்கும் சொல்லமாட்டாள் என்பது வேறு விஷயம்.

லாத்தா கேட்டது ஒரே கேள்வி. அந்த ஸ்கோப்பை எங்கே வாங்கினார்கள்? பர்கத்துல்லா கடையில் என்றாள் நிலோஃபர். லாத்தா செருப்பை மாட்டிக்கொண்டார். கொலை மாவ்பியில் நடந்திருக்க, கடைக்கு எதற்குப் போகிறோம் என்று நான் கேட்டேன்.

"தோட்டம் அவரு அப்பா காலத்துது. துப்பாக்கியும் அப்பா காலத்துது. அங்க இருக்கிறவங்களுக்கு அவரு மேல கோபம்னா அதுவும் பழசாத்தான் இருக்கும். இத்தனை வருஷமாச் சாகாத மனுசன் இப்பச் செத்திருக்காரு. ஆறு வாரத்துல புதுசா வந்தது அந்த ஸ்கோப் ஒண்ணுதான்."

* * *

பர்கத்துல்லாவின் கடையைக் கடை என்று சொல்பவர் அவரைத் தவிர யாருமில்லை. இரண்டு சுவருக்கு நடுவே ஒரு பலகை. அதன்மேல் கப்பல்காரர்கள் குடிக்காக விட்டுப்போன பைனாகுலர், திசைகாட்டி, நிற்காமல் ஓடும் கடிகாரம், ஓடாமல் நிற்கும் கடிகாரம். ரெங்கசாமி பெயரைக் கேட்டதும் அவருக்கு ஞாபகசக்தி போய்விட்டது. தான் இதுவரை ஸ்கோப் என்ற பொருளையே கண்ணால் கண்டதில்லை என்றார்.

லாத்தா அனுதாபமாகத் தலையாட்டினார். "கண்ணாடி இவ்வளவு அழுக்கா இருந்தா எதைத்தான் காண்பீங்க" என்று சொல்லிக்கொண்டே பர்கத்துல்லாவின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி இல்லாத பர்கத்துல்லா பலகையைத் தடவினார், என்னைத் தடவினார், என்னை ஏதோ விற்பனைப் பொருள் என்று நினைத்து நேராக நிமிர்த்தி வைத்தார். அதற்குள் ஒரு சிப்பாய் விலை கேட்டு வந்து நின்றான். ஆள் யார், சாமான் எது என்று தெரியாமல் பர்கத்துல்லா தவித்த தவிப்பைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. லாத்தாவுக்கு இல்லை.

"கேளும்மா, சொல்லித் தொலைக்கிறேன்" என்றார் கடைசியில்.

அவர் சொன்னது இது. செப்டம்பரில் எழுபத்தைந்து ரூபா நோட்டு செல்லாது என்று அரசாங்கம் அறிவித்ததிலிருந்து ரெங்கசாமி சில்லறைக் காசையும் நகத்தால் சுரண்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். அதனால் ஸ்கோப் வாங்க விடியற்காலையிலேயே வந்து, கடை திறக்குமுன் வாசலில் நின்றார். காலையில் முதல் வியாபாரத்துக்கு இந்த ஊரில் ஸேஊ என்று பெயர். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்று முழுக்கக் கடை ஈயோட்டும் என்று பயந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். ரெங்கசாமி ரங்கூனில் வாங்கிய சாமான் எல்லாம் இப்படி விடியற்காலையில் வாங்கியதுதானாம்.

பர்கத்துல்லா மூன்று ஸ்கோப்புகளை எடுத்து வைத்தார். முதலாவது ஜெர்மன். கண்ணை வைத்தால் ஆற்றின் அக்கரையில் துணி துவைக்கிறவள் திட்டுவது காதில் விழும், அவ்வளவு துல்லியம். விலையைக் கேட்டு ரெங்கசாமி அதைத் தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இரண்டாவது ஜப்பான். பாதி விலை, தட்டினாலும் அசையாது. மூன்றாவது யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாது. கப்பல் எஞ்சினியர் ஒருவன் இரண்டு பாட்டில் ரம்முக்கு மாற்றிக்கொண்டது. உள்ளங்கையில் தட்டினால், குறிவைக்க உள்ளே போட்டிருக்கும் சிலுவைக்கோடு நகரும். ஒவ்வொரு வேட்டுக்கும் குறி வலது பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும். தொழில் தர்மப்படி அதைச் சொல்லிவிட்டதாக பர்கத்துல்லா சத்தியம் செய்தார்.

"பன்னிக்குத்தானே" என்றாராம் ரெங்கசாமி. "தப்பிப்போன பன்னி வந்து புகாரா எழுதிக் குடுக்கப்போகுது?"

"கூட வந்தது யாரு?"

ஜீப் ஓட்டிக்கொண்டு வந்தது ரெங்கசாமியின் அண்ணன் மகன் பிரேம்நாத். சோடா பாட்டில் அடியைப்போலக் கண்ணாடி. பிள்ளையில்லாத ரெங்கசாமிக்கு ஒரே வாரிசு. இன்னொருவன் அஸ்கர். அன்றைக்கு அங்கே அதிகம் பேசியது அஸ்கர்தான் என்றார் பர்கத்துல்லா. ரெண்டாவதை எடுங்க, ரெண்டாவதை எடுங்க என்று காலைப் பிடிக்காத குறை.

"காவல்காரனுக்கு என்ன வந்துச்சு? காசு மொதலாளியோடதுதானே" என்றேன்.

பர்கத்துல்லா கண்ணாடியில்லாத கண்ணால் நான் இல்லாத பக்கம் பார்த்தார். "நானும் அதைத்தான் கேட்டேன். அதுக்கு அந்த ஆளு, 'மொதலாளி, பானைக்குப் பக்கத்துல நிக்கப்போறது நான்தானே'ன்னாரு. அதுக்கு ரெங்கசாமி, 'அதனாலதாண்டா இது எனக்குக் கட்டுப்படியாகுது'ன்னாரு. சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். மொத வியாபாரமாச்சே."

லாத்தா கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டார். கிளம்பும்போது பர்கத்துல்லா தானாகவே ஒரு விஷயம் சொன்னார். அந்த மாதிரிக் குழலுக்குப் பின்பக்கம் ஒரு வளையம் உண்டு. பார்க்கிறவர் கண்ணுக்குத் தகுந்தபடி அதைத் திருகினால்தான் சிலுவைக்கோடு தெளிவாகத் தெரியும். வாங்கிப்போனவன் மறுநாள் வந்து மங்கலாயிருக்கிறது என்று சண்டை பிடிக்கக்கூடாதே என்று, வாங்குகிறவர் கண்ணுக்கு வளையத்தைத் திருகிவைத்து, அந்த இடத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டுக் கொடுப்பது அவர் வழக்கம். ரெங்கசாமிக்கும் போட்டுக் கொடுத்திருந்தார்.

லாத்தா அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். அது எனக்குப் பிடிக்காத சிரிப்பு.

* * *

மாவ்பி போகும் பஸ் நிறுத்தத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். பஸ்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நிலோஃபர் என் பக்கம் திரும்பி, "பீர் நானா, பலகையில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். படிக்கத் தெரியாத பெண் போலிருக்கிறது என்று நான் ரொம்பக் கனிவாகப் படித்துக் காட்டினேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்று கண்டுகொள்ள ஒரு ஆள் கிடைத்தது இந்த வருஷத்தில் அதுதான் முதல்முறை.

பஸ்ஸில் அவள் பானைக் கதையைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ரெங்கசாமி ஸ்கோப்பின் குறியைச் சரிபார்ப்பார். வீட்டுக்கு முன்னால் மேசையில் மணல்மூட்டை போட்டு ரைஃபிளைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார். நூறு கஜத்தில் ஒரு அடிமரத்தின்மேல் த்வாண்டேயிலிருந்து வந்த சின்னப் பானை. குண்டு எங்கே பட்டது என்று கத்திச் சொல்ல அஸ்கர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். மனசு குஷியாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமை பானையை அடிமரத்தில் வைக்கவிடமாட்டார். கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார். இதையெல்லாம் இன்றைக்கு மீன் கிடைத்தது, நாளைக்குக் கிடைக்காது என்பதுபோல அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

கேட்கச் சகிக்கவில்லை என்றாலும் எனக்குக் கேஸை முடித்துவிட்ட பெருமையும் இருந்தது. லாத்தாவின் காதருகே குனிந்து, தடிக்கண்ணாடி போட்ட ஒரே வாரிசு பிரேம்நாத்தான் என்று சொன்னேன்.

"சரி தம்பி" என்றார் லாத்தா. அவர் 'சரி' என்றால் நான் தப்பு என்று அர்த்தம்.

* * *

சாவடி என்பது ஒரு தகரக் கூரை, ஒரு வராந்தா, முன்னால் செம்மண் முற்றம், முப்பதடி தள்ளி ஒரு மூங்கில் கேட். நிலோஃபரை கேட்டுக்கு உள்ளே விடமாட்டேன் என்றார்கள். அவள் அங்கேயே கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

உள்ளே ஊ தெய்ன் என்ற அதிகாரி ஒரு கோப்பைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். லாத்தா ஒரு வாசிப்புக் கண்ணாடியை மேசையில் வைத்தார். ஊ தெய்ன் போட்டுப் பார்த்தார். ஒரு வருஷமாகத் தான் கையெழுத்துப் போட்டுவந்த காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது போலிருக்கிறது. பிறகு டீ சொன்னார்.

வாக்குமூலத்தை அவரே படித்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை அஸ்கர் இடது கையில் பானையைப் பிடித்திருந்தான். குண்டு வலது பக்கம் ஒதுங்கி வந்து அவன் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. ரெங்கசாமி ரைஃபிளை மேசையில் விட்டுவிட்டுப் பானையைப் பார்க்க நடந்து வந்தார். கையை அல்ல, பானையை. அஸ்கர் மேசைக்கு ஓடிப்போய் அவரைச் சுட்டான். அந்த நேரம் தோட்டத்தில் இருந்தது அவனும் அவரும் சமையல்காரியும் மட்டும்.

"எனக்காயிருந்தாலும் கோபம் வரும்" என்றார் ஊ தெய்ன் பர்மியத்தில். "ஆனால் தூக்கு தூக்குதான்."

ரைஃபிளை அவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே துணி சுற்றி அரக்கு வைத்திருந்தார். அந்த அரக்கை எங்கள் முன்னால் உடைத்தார். லாத்தா பின்பக்கத்து வளையத்தைப் பார்த்தார். பர்கத்துல்லாவின் ஊசிக் கீறல் ஒரு பக்கம் கிடந்தது. வளையம் அதை விட்டு அரைவட்டம் திரும்பியிருந்தது. என்னைப் பார்க்கச் சொன்னார். எனக்கு அதற்குள்ளே பனிமூட்டம்தான் தெரிந்தது. என் எதிர்காலத்தைப் பார்த்ததுபோல இருந்தது என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

லாத்தா வில்லைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு வில்லையாகக் குழலுக்கும் தன் கண்ணுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். ஐந்தாறு மாற்றியபிறகு நிறுத்தினார்.

"கடைசியா இதுல பாத்தவங்களுக்குக் கிட்டப்பார்வை. மைனஸ் மூணு. கண்ணாடி போடாம பாத்திருக்காங்க. ரெங்கசாமிக்குத் தூரத்துல இருக்கிறது நல்லாத் தெரியும், வாசிக்க மட்டுந்தான் எங்கிட்டக் கண்ணாடி வாங்குனாரு. அவரு சுட்டபிறகு வேற ஒருத்தர் வளையத்தைத் தன் கண்ணுக்குத் திருகித்தான் அவரைச் சுட்டிருக்கணும்."

இதையே பர்மியத்தில் ஊ தெய்னுக்கும் விளக்கினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரேம்நாத் என்றேன்.

"அவனுக்கு மைனஸ் ஒம்பது" என்றார் லாத்தா. "நான் போட்ட கண்ணாடிதான். இந்த வளையம் அவ்வளவு தூரம் திரும்பாது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரேம்நாத் ரங்கூனில் ஒரு கல்யாணத்தில் தன் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டதாக ஊ தெய்னும் சொன்னார். இரண்டு முறை சாப்பிட்டானாம். என் வாரிசு அப்படிப் போனான்.

ஆனால் லாத்தா கேட்டு வந்தது சுலபமான காரியம். அஸ்கரின் கண்ணைச் சோதித்து, அது நல்ல கண் என்று காட்டிவிட்டால் போதும். அவன் சுட்டிருக்கமுடியாது. ஊ தெய்ன் யோசித்தார். மூக்கிலிருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆளைக் கொண்டுவரச் சொன்னார்.

அஸ்கரைக் கொண்டுவந்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் அப்படித்தான், கோழி அறுக்கிற இடத்திலும் நிற்கமாட்டேன். இரண்டு நாளில் அந்த முகத்தில் என்னென்ன செய்யமுடியுமோ செய்திருந்தார்கள். வலது கண் முழுக்க மூடி வீங்கியிருந்தது. இடது கண்ணில் ஒரு கீற்று திறந்திருந்தது. இடது கையில் அழுக்குத் துணிக்கட்டு.

அந்தக் கீற்று வழியாக அவன் முற்றத்துக்கு அப்பால் பார்த்து, என்னிடம் மெல்லக் கேட்டான். "செருப்பு இல்லாம வந்திருக்காளே. பஸ்ஸுல விட்டுட்டாளா?"

நான் கேட்டைப் பார்த்தேன். நிலோஃபரின் பாதங்கள் செம்மண்ணுக்குள் புதைந்திருந்தன. எனக்கே உற்றுப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. நல்ல கண். கேஸ் முடிந்தது என்று அன்றைக்கு இரண்டாவது தடவையாக நினைத்தேன்.

லாத்தா வராந்தாவின் அந்தக் கோடியில் எழுத்து அட்டையை மாட்டினார். பர்மிய எழுத்தெல்லாம் வட்டமும் வட்டத்தில் ஒரு திறப்பும். கண் சோதிப்பதற்கென்றே பிறந்த எழுத்து. வளையத்தில் மைனஸ் மூன்று இருக்கிறது, உங்கள் கண்ணில் அது இல்லை என்று காட்டவேண்டும், அவ்வளவுதான் என்று அஸ்கரிடம் தமிழில் சொன்னார்.

அஸ்கர் மறுபடியும் கேட் பக்கம் பார்த்தான்.

"யாரு வேணும்னாலும் அப்படித் திருகலாமா?"

"அந்த நம்பர் கண்ணு இருக்கிறவங்க மட்டும்."

"பெரிய எழுத்தைப் படிங்க" என்றேன் நான்.

"தெரியல" என்றான்.

பானை மூடியளவு எழுத்து அது. ஊ தெய்ன் புருவத்தைத் தூக்கினார். லாத்தா டிரையல் பிரேமை எடுத்தார். கண் சோதிக்கிறபோது மாட்டும் பித்தளைச் சட்டம் அது. போட்டவர் யாராயிருந்தாலும் ஆந்தையாக்கிவிடும். அதை அவன் முகத்தில் நோகாமல் வைத்து, இடது கண்ணுக்கு மைனஸ் மூன்றைச் செருகினார். இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று அஸ்கர் மேலிருந்து கீழே கடகடவென்று படித்தான். ஊ தெய்ன் திருப்தியாகக் கோப்பில் ஏதோ எழுதத் தொடங்கினார்.

லாத்தா அந்த வில்லையை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினார். "இன்னும் கொஞ்சம் பலமானது. இதுல?"

"இதுல இன்னும் நல்லாத் தெரியுது லாத்தா." கடைசி வரி வரைக்கும் படித்தான். அந்தக் கடைசி வரியை நான் இதுவரை எழுத்து என்றே நினைத்ததில்லை, ஈ உட்கார்ந்த கறை என்று நினைத்திருந்தேன்.

"அது வெறும் கண்ணாடி, தம்பி" என்றார் லாத்தா. "ஜன்னலுக்குப் போடுறது."

அஸ்கரின் திறந்த கண்ணும் மூடியது. ஊ தெய்னுக்குத் தமிழ் தெரியாது. அவர் எழுதிக்கொண்டே, நம்பர் பொருந்துகிறதா என்று பர்மியத்தில் கேட்டார். லாத்தா அந்த வெறும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"பொருந்துதுன்னு சொல்லிடுங்க லாத்தா" என்றான் அஸ்கர். "ஒங்களுக்கு என்ன போகுது? நான் ஏற்கெனவே ஒத்துக்கிட்டவன்."

கண் நன்றாகத் தெரிகிறவன் தெரியாது என்று எதற்குச் சொல்லவேண்டும்? எனக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் நிற்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்த முகத்துக்கு எதிரில் நிற்க முடியவில்லை. படியிறங்கி, முற்றத்தைக் கடந்து கேட்டுக்குப் போனேன்.

நிலோஃபர் கம்பின்மேல் நாடியை வைத்து வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுருக்கி, காலையில் என்னைப் பார்த்த அதே பார்வை.

"பீர் நானா" என்றாள். "அவங்க இந்தப் பக்கம் பாக்குறாங்களா? சிரிச்ச மொகமா இருக்காங்களா?"

முப்பதடி தூரம். நல்ல வெயில். நடுவில் ஒரு செடிகூட இல்லை.

என் வாழ்க்கையில் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன், பெரும்பாலும் குடையைப் பற்றி. "ஆமாம்மா" என்றேன். "ஒன்னத்தான் பாக்குறாரு. நல்லாத்தான் இருக்காரு."

அவள் வராந்தாவை நோக்கிச் சிரித்தாள். அங்கே இருந்த தூணைப் பார்த்துச் சிரித்தாள்.

லாத்தா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். கையில் டிரையல் பிரேம். எப்போது தெரிந்தது என்று கேட்டேன். பஸ் பலகையிலேயே சந்தேகம் என்றார். நான் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன்.

"கீறலை அழிச்சிட்டா? பர்கத்துல்லா வாயைத் திறக்கமாட்டாரு. வளையம் ரெங்கசாமி வெச்சபடியே இருக்குன்னு சொல்லிடலாம்."

"சொன்னா அவரு தூக்குல."

"சொல்லாட்டி?"

"இவ. எது வேணும்னு நீ சொல்லு, நான் அந்த ஆளுகிட்டப் போய்ச் சொல்றேன்."

எனக்கு அப்போது லாத்தாவைப் பிடிக்கவில்லை. அவருக்கும் தன்னைப் பிடித்திருந்ததாகத் தெரியவில்லை. என் பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்டுக்குப் போனார். பிரேமை நிலோஃபரின் காதில் மாட்டி, இரண்டு பக்கமும் வில்லையைச் செருகினார். டக், டக் என்று இரண்டு சத்தம். அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து வராந்தாப் பக்கம் திருப்பினார்.

இதைவிடக் கொடூரமான ஒரு காரியத்தை நான் என் கண்ணால் பார்த்ததில்லை. லாத்தா நோகாமல்தான் செய்தார்.

நிலோஃபர் நெடுநேரம் பார்த்தாள்.

"அந்தக் குழல்ல தெரிஞ்ச மாதிரியே தெரியுது லாத்தா" என்றாள்.

"குழல்ல எதுக்குப் பாத்தே?"

"டீ கொண்டுட்டு வந்தேன். வேட்டுச் சத்தத்துக்கப்புறம் அவங்க கத்துனாங்க. உசிரு இருக்கான்னு பாக்கத்தான் கண்ணை வெச்சேன். மங்கலா இருந்துச்சு. திருகத் திருக அவங்க கை தெரிஞ்சுது. பக்கத்துல மொதலாளி பானையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தாரு." விரலை விரித்துக் காட்டினாள். "ஒரு சாண் எடது பக்கமா வெக்கணும்னு தெரியும். ஆறு ஞாயித்துக்கெழமை பாத்திருக்கேன்ல."

பிறகு என்னைப் பார்த்தாள். முதல்முறையாக என்னை முழுசாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். கண்ணைச் சுருக்கவில்லை. "நல்லாயிருக்காருன்னு சொன்னீங்களே நானா" என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

காவலுக்கு நின்றவன் தடுக்குமுன் அவள் கேட்டைத் தள்ளிவிட்டாள். பிரேமைக் கழற்றவில்லை. புதுக் கண்ணாடி போட்டவர்களுக்குத் தரை பள்ளமும் மேடுமாகத் தெரியும். சமதரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பார்கள். அப்படித்தான் அவள் முற்றத்தைக் கடந்தாள். காவலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வராந்தாவில் அஸ்கர் அவள் வருவதைப் பார்த்தான். முகத்தில் என்ன மாட்டியிருக்கிறாள் என்பதையும் பார்த்தான். பெஞ்சிலேயே திரும்பி, முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டான்.

அவள் அவன் நாடியை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வலது கண்ணை, இடது கண்ணை, கிழிந்த உதட்டை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தாள். அவன் தமிழில் ஏதோ சொன்னான், கெஞ்சினான் என்று நினைக்கிறேன். அவள் அவன் வாயைக் கையால் மூடினாள்.

பிறகு ஊ தெய்ன் பக்கம் திரும்பி, ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பர்மியத்தில் சொல்ல ஆரம்பித்தாள். அவர் எழுதுகிற வேகத்துக்குத் தகுந்தபடி, நிறுத்தி நிறுத்தி.